தொலைக்காட்சியில் நீண்ட சைக்கிள் ஓட்டங்கள்: கொழும்பிலிருந்து பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூலை வந்தால் எங்கள் வீட்டு டிவியில் பின்னேரம் முழுக்க சைக்கிள்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். ஒஃபிஸில் கேட்பார்கள், வாட்ஸப்பில் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. ஜூலையில் பிரான்சைச் சுற்றும் டூர் டி பிரான்ஸ் பற்றித்தான் அதிகம் இருக்கும். மற்ற ஓட்டங்களையும் அங்கங்கே தொட்டிருக்கிறேன்.

ஐந்து மணித்தியாலம் சைக்கிள் ஓடுவதைப் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

முதல் மூன்று மணித்தியாலத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. சூரியகாந்தித் தோட்டம், ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், நடுவே நூற்றெழுபது பேர் கூட்டமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒன்றுமில்லாத நேரம் ஓடுகிறவர்களின் காலில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. நூறு மீற்றர் ஓட்டத்தில் யாருக்கு வேகம் அதிகம் என்று பார்க்கிறோம். இங்கே பார்ப்பது யாருக்குக் களைப்புக் குறைவு என்பதை. கடைசி ஏற்றத்தில் ஒருவர் எழுந்து நின்று மிதிக்கும்போது பக்கத்தில் இருந்தவரால் ஏன் கூடவே போக முடியவில்லை? அதற்கான காரணம் அன்று மத்தியானமோ போன கிழமையோ நடந்திருக்கும். அதைப் பார்த்தவருக்குக் கடைசி அரை மணித்தியாலம் வேறு மாதிரி இருக்கும்.

டூர் மொத்தம் 21 கட்டங்கள், ஒரு நாளுக்கு ஒன்று. நடுவில் இரண்டு ஓய்வு நாள், ஆக மூன்று கிழமை. தூரம் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாலு தடவை போய்வந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவ்வளவு ஓடிய பிறகும் வித்தியாசம் செக்கன் கணக்கில் வந்து நிற்பதுண்டு. 1989 இல் கடைசி நாள் புறப்படும்போது பிரான்சின் லோரன் ஃபினியோன் 50 செக்கன் முன்னால் இருந்தார். பாரிஸில் முடிந்த 24.5 கிலோமீற்றர் தனி ஓட்டத்தில் (ஒவ்வொருவராகப் புறப்பட்டு நேரத்தோடு போட்டி போடுவது) அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் அத்தனையையும் அழித்து, 8 செக்கனில் டூரை வென்றார்.

2020 ஐ நேரடியாகப் பார்த்தவர்கள் இன்னும் அதைத்தான் கதைப்பார்கள். முடிய ஒரு நாள் இருக்கும்போது சுலோவேனியாவின் ப்ரிமொஷ் ரோக்லிச் 57 செக்கன் முன்னிலை. தனி ஓட்டம் முடிந்தபோது அதே நாட்டின் தாதேய் போகாச்சர் 59 செக்கன் முன்னால். அன்று ரோக்லிச்சின் தலைக்கவசம் நெற்றிக்கு மேலே கோணலாக ஏறிப்போய் இருந்தது. மூன்று கிழமை ஒரு பிழையும் விடாத மனிதரின் தலையில் ஒரு கவசம்கூட ஒழுங்காக நிற்கவில்லை. போகாச்சருக்கு இருபத்திரண்டு வயது ஆக இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கொழும்பில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

இதில் எங்களுக்கு அதிர்ஷ்டம். கோடையில் பிரான்சுக்கும் இலங்கைக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். அங்கே மத்தியானம் ஒரு மணிக்குப் புறப்பட்டால் இங்கே பின்னேரம் நாலரை. அங்கே ஐந்தரைக்கு முடிந்தால் இங்கே இரவு ஒன்பது. அமெரிக்காவில் இருக்கிறவர்கள் இதற்காக விடிய எழும்புகிறார்கள், அவுஸ்திரேலியாவில் நித்திரை முழிக்கிறார்கள். நாங்கள் வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்று வெள்ளவத்தைக்கு வந்து, குளித்துவிட்டு ஒரு பிளேன்டீயோடு இருந்தால் சரியாக ஓட்டம் சூடுபிடிக்கும் நேரம்.

மே மாதத்து ஜிரோ டி இத்தாலியாவுக்கும், ஓகஸ்ட் கடைசியில் தொடங்கும் ஸ்பெயினின் வுவெல்டாவுக்கும் இதே கணக்குத்தான். சில விதிவிலக்குகள்: ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான் மணிக்கூட்டை மாற்றுவார்கள், அதற்கு முன்னால் வரும் மிலான்–சான் ரேமோ ஓட்டத்துக்கு நாலரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். டூரின் கடைசி நாள் பாரிஸ் கட்டம் அங்கே மாலையில்தான் முடியும்; இங்கே பதினொரு மணியாகிவிடும், மறுநாள் திங்கட்கிழமை என்பதை ஞாபகம் வைத்திருங்கள். ஜனவரியில் அடிலெயிட் பக்கம் நடக்கும் டூர் டவுன் அண்டர் எங்களுக்கு விடியற்காலை.

எந்தச் சனலில் வரும்?

ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது, சில வருடங்களுக்கு ஒருமுறை கைமாறும். அதனால் போன வருடம் வந்த சனலை நம்பியிருக்காமல், ஜூன் கடைசியில் உங்கள் டயலொக் அல்லது பியோ டிவி பெட்டியின் நிகழ்ச்சி அட்டவணையில் விளையாட்டுச் சனல்களை ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் வழியுண்டு. டூரின் சொந்த அப்பில் யார் எங்கே, இடைவெளி எவ்வளவு என்று நேரடியாக வரும். அன்றிரவே யூடியூப்பில் சுருக்கமும் போட்டுவிடுவார்கள். களவு லிங்குகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கடைசி இரண்டு கிலோமீற்றரில்தான் அவை நின்றுபோகும்.

இணையத்தில் பார்ப்பதென்றால் உயர்ந்த தரத்தில் நாலு மணித்தியாலம் ஓடவிட்டால் டேட்டா கரைந்துவிடும். பின்னேரம் தரத்தைக் குறைத்துவிட்டு, எட்டு மணிக்குப் பிறகு கூட்டுங்கள். டிஷ் வைத்திருப்பவர்களுக்கு மே, ஜூன் மழையில் ஜிரோ படாதபாடு. வானம் இருண்டதும் படமும் போய்விடும்.

முழுவதும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் முழுவதும் ஓடவிட்டு வைக்கலாம், இரண்டும் வேறு. சத்தத்தைக் குறைத்துவிட்டு சமைக்கலாம், உடுப்பு மடிக்கலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வர்ணனையாளரின் குரல் உயர்ந்தால் நிமிர்ந்து பார்த்தால் போதும். நேரமே இல்லாதவர்கள் கடைசி 50 கிலோமீற்றருக்கு வந்து சேருங்கள், அது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். மலைக் கட்டமென்றால் கடைசி இரண்டு ஏற்றங்கள். சமதரைக் கட்டமென்றால் கடைசி பத்துக் கிலோமீற்றரே தாராளம்.

டூரின் எல்லாக் கட்டங்களையும் தொடக்கம் முதல் முடிவு வரை நேரடியாகக் காட்டத் தொடங்கியதே 2017 இல்தான். அதற்கு முன்னால் பார்த்தவர்கள் பெரும்பாலும் பாதியில் வந்தவர்கள்தான்.

முதலில் கோட்டைத் தாண்டியவர் வேறு, மஞ்சள் சட்டைக்காரர் வேறு. யார்தான் வென்றது?

இரண்டு பேரும். முதலில் வந்தவர் அன்றைய கட்டத்தை வென்றார். மஞ்சள் ஜேர்சி, இதுவரை ஓடிய எல்லா நாளின் நேரத்தையும் கூட்டினால் மிகக் குறைந்த நேரம் எடுத்தவருக்கு. ஒரு கட்டம்கூட வெல்லாமல் டூரையே வெல்ல முடியும், வென்றும் இருக்கிறார்கள். எனவே மஞ்சள் சட்டைக்காரர் அன்று நாற்பதாவதாக வந்தாலும் பதறவேண்டாம். அவருடைய எதிரி எங்கே வந்தார் என்று மட்டும் பாருங்கள். கூட்டமாக முடித்தால் கூட்டத்துக்கே ஒரே நேரம்தான் கொடுப்பார்கள்.

டூரைத் தொடங்கியதே ஒரு பத்திரிகைதான். 1903 இல் லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்ட நடத்திய ஓட்டம் அது. பத்திரிகையின் தாள் மஞ்சள், 1919 இலிருந்து முன்னிலை வகிப்பவரின் சட்டையும் மஞ்சள். இத்தாலியிலும் அப்படியே. ஜிரோவை நடத்தும் கஸெட்டா பத்திரிகை இளஞ்சிவப்புத் தாளில் வரும், ஜேர்சியும் இளஞ்சிவப்பு. டூரில் பச்சை ஜேர்சி கட்டங்களில் முன்னால் வந்து அதிகப் புள்ளி சேர்த்தவருக்கு, சிவப்புப் பொட்டுப் போட்டது மலையேறுபவருக்கு, வெள்ளை இருபத்தைந்து வயதுக்கு மேற்படாதவர்களில் முன்னால் இருப்பவருக்கு.

முன்னால் நாலைந்து பேர் தப்பி ஓடுகிறார்கள். மற்ற நூற்றைம்பது பேரும் ஏன் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்?

எல்லாரும் கேட்கும் கேள்வி. இது விளங்கிவிட்டால் பாதி விளையாட்டு விளங்கிவிடும்.

ஊருக்குள் மெதுவாக உருண்டு வந்தபின், ஓட்டத்தின் பணிப்பாளர் சிவப்புக் காரின் கூரை வழியாகத் தலையை நீட்டி வெள்ளைக் கொடியை ஆட்டுவார். அதுதான் உண்மையான தொடக்கம். உடனே சிலர் முன்னால் பாய்வார்கள். பெருங்கூட்டம், அதாவது பெலோட்டன், முதலில் ஒரு கணக்குப் போடும்: இவர்களில் ஆபத்தானவர் யாராவது உண்டா? மொத்த நேரத்தில் நாற்பது நிமிடம் பின்னால் இருக்கும் ஒருவர் இன்று பத்து நிமிடம் எடுத்தாலும் மஞ்சள் ஜேர்சிக்கு ஒன்றும் ஆகாது. போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். சமதரையில் மணிக்கு 40, 45 கிலோமீற்றரில் ஓடும்போது பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். இன்னொருவரின் பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிச்சம்; பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு அதைவிட அதிகம். முன்னால் போன நாலு பேரும் மாறி மாறிக் காற்றை வாங்க வேண்டும். பின்னால் நூற்றைம்பது பேர் இருக்கிறார்கள். பின்னேரம் ஆக ஆக யார் களைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பிரான்சில் முன்பு வர்ணனையாளராக இருந்த ரொபேர் ஷப்பாத் ஒரு விதி சொன்னார்: பெலோட்டன் முயன்றால் பத்துக் கிலோமீற்றரில் ஒரு நிமிடத்தை மீட்கும். 30 கிலோமீற்றர் மிச்சம், இடைவெளி மூன்று நிமிடம் என்றால் தராசு நடுவில் நிற்கிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், சும்மா போவதுபோல் தெரிந்த படம் திடீரென்று கதை சொல்லத் தொடங்கும். இடைவெளி நாலு நிமிடத்திலிருந்து மூன்றரை ஆகும்போது எந்த அணியின் சட்டைகள் முன்வரிசைக்கு வந்திருக்கின்றன என்று கவனியுங்கள். அவர்களிடம்தான் கடைசியில் பாய்ந்து ஓடக்கூடியவர் இருக்கிறார், கூலி வேலையை அவர்கள் செய்கிறார்கள். அவர்களும் கெதியாகப் பிடிக்கமாட்டார்கள். 60 கிலோமீற்றர் இருக்கும்போதே பிடித்துவிட்டால் புதிதாக நாலு பேர் பாய்வார்கள், தலைவலி திரும்பத் தொடங்கும். முடிய ஐந்து கிலோமீற்றர் இருக்கும்போது பிடிப்பதுதான் கெட்டித்தனம்.

பிடிபடுவோம் என்று தெரிந்தும் ஏன் ஓடுகிறார்கள்? சட்டையில் இருக்கும் விளம்பரதாரரின் பெயர் நாலு மணித்தியாலம் டிவியில் தெரியும். சின்ன அணிகளுக்கு அதுவே பிழைப்பு. அப்புறம், கணக்குத் தவறும் நாளும் உண்டு. 2021 டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஓட்டத்தில் ஒஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே பாய்ந்து போனார். கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. மற்ற ஓட்டங்களில்போல அணிக் காரிலிருந்து செய்தி சொல்லும் காது ரேடியோ ஒலிம்பிக்கில் கிடையாது. கூடப் போனவர்களை எல்லாம் பிடித்த பெருங்கூட்டம், இன்னும் ஒருத்தி முன்னால் இருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டது. நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார், தங்கம் தனக்கென்று நினைத்து. தங்கம் ஒரு நிமிடத்துக்கு மேல் முன்பே போய்விட்டிருந்தது.

திரையில் வரும் எண்களில் எதைப் பார்ப்பது?

மிச்சக் கிலோமீற்றர், இடைவெளி. இரண்டே இரண்டு. மலையில் சரிவு வீதமும் வரும், 8 சதவீதத்துக்கு மேல் என்றால் கூட்டம் பின்னாலிருந்து உதிரத் தொடங்கும். சில வேளை ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருப்பவர் ஒரு பலகையில் இடைவெளியை எழுதி, ஓடுகிறவர்களுக்குத் திருப்பிக் காட்டுவதைக் காட்டுவார்கள். எல்லார் காதிலும் ரேடியோ இருக்கும் காலத்திலும் அந்தப் பலகைக்காரருக்கு வேலை போகவில்லை.

ஒருவர் சட்டைக்குள் தண்ணீர்ப் போத்தல் போத்தலாகத் திணிக்கிறாரே, என்ன அது?

அவர்தான் அணியின் தொண்டர். டூரில் ஒரு அணிக்கு எட்டுப் பேர். தலைவர் ஒருவர், மற்றவர்களில் பெரும்பாலானோர் அவருக்காக உழைக்க வந்தவர்கள். பின்னால் வரும் அணிக் காருக்குப் போய், முதுகிலும் நெஞ்சிலும் ஏழெட்டுப் போத்தல் திணித்து, ஒட்டகம் மாதிரி வீங்கிக்கொண்டு மறுபடி கூட்டத்தின் முன்பக்கம் வரை ஓடிவந்து ஒவ்வொருவருக்காய் நீட்டுவார். காரிலிருந்து போத்தலைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் அதை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் கார் இவரை இழுக்கும். விதிப்படி தவறு, ஆனால் அளவோடு செய்தால் நடுவர் வேறு பக்கம் பார்ப்பார்.

தலைவரின் டயர் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுப்பதும், சில வேளை சைக்கிளையே கொடுத்துவிட்டு வீதியோரம் நிற்பதும் இவர்தான். மலையில் இவர்கள் எல்லாம் பின்தங்கி ஒரு கூட்டமாகச் சேர்வார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர எல்லை உண்டு. வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டிய நேரத்துக்குள் வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கடைசிக் கூட்டத்தில் போட்டி அணிக்காரர்களும் ஒருவருக்கொருவர் வேகம் சொல்லிக்கொடுத்து, எல்லைக்குச் சற்று முன்னால் வந்து சேர்வார்கள். கமெரா அங்கே அதிகம் போகாது. போகும்போது நான் சமையலறையிலிருந்து ஓடிவருவேன்.

சாப்பாடு? மூத்திரம்?

சின்னப் பிள்ளைகள் முதலில் கேட்பது இரண்டாவதைத்தான். ஓட்டம் அமைதியாக இருக்கும்போது கூட்டமாக வீதியோரம் நிற்பார்கள், அந்த நேரம் தாக்கி ஓடக்கூடாது என்பது எழுதாத சட்டம். ஓடிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. சனங்களுக்கு முன்னால் போனால் அபராதம்.

சாப்பாட்டில் எங்களுக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறது: சோறு. குழையக் காய்ச்சிய சோற்றோடு மென்மையான சீஸும் இனிப்பும் சேர்த்து, ஆறவைத்துத் துண்டு போட்டு, தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக் கொடுப்பார்கள். கட்டுச்சோறுதான், வேறென்ன. அதோடு ஜெல், மாப்பொருள் கரைத்த பானம். மணித்தியாலத்துக்கு 90 முதல் 120 கிராம் வரை மாப்பொருள் உள்ளே போக வேண்டும். மலை நாளில் ஒரு வீரர் ஆறாயிரம் கலோரிக்கு மேல் எரிப்பார்.

மலைகள் எவ்வளவு பெரியவை?

எங்கள் பிதுருதலாகலை 2,524 மீற்றர். டூர் அடிக்கடி ஏறும் கலிபியே கணவாய் 2,642. ஈஸெரான் 2,770. அதாவது எங்கள் நாட்டின் உச்சியையும் தாண்டிய உயரத்தில் தார் வீதி போட்டு, அதில் சைக்கிள் ஓடுகிறார்கள். ஆல்ப் துவெஸ் 13.8 கிலோமீற்றர், சராசரி 8.1 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவுகள். கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பதினெட்டு வளைவில் பஸ்ஸில் போய் வயிறு புரட்டியவர்களுக்கு இதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லத் தேவையில்லை.

ஏற்றங்களை நாலாம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்பு வரை தரம் பிரிப்பார்கள், அதற்கும் மேலே வகுப்புக்குள் அடங்காதவை என்று ஒன்று. மலையில் வேகம் குறைவதால் ஒருவரின் பின்னால் ஒளிந்து கிடைக்கும் லாபமும் குறையும். அதனால்தான் டூரைப் பெரும்பாலும் மலை தீர்மானிக்கிறது.

வீதியோரம் இவ்வளவு சனம் என்ன செய்கிறது? ஒரு நிமிடத்தில் போய்விடுவார்களே!

ஆடிவேல் ரதம் வரும் நாளில் காலி வீதியோரம் கதிரை போட்டுக் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரதம் கடப்பது கொஞ்ச நேரம், விழா நாள் முழுவதும். டூரிலும் வீரர்களுக்கு முன்னால் விளம்பர வண்டிகளின் நீண்ட ஊர்வலம் வரும், தொப்பியும் சொசேஜும் சாவிக்கொத்தும் எறிந்துகொண்டு போவார்கள். 1930 இலிருந்து இது நடக்கிறது. மலையில் என்றால் சனம் பல நாள் முன்பே வந்து கூடாரம் போட்டுவிடும்.

படம் ஏன் நடுவில் உடைந்து உடைந்து போகிறது? எங்கள் டிவியா, அவர்களா?

பெரும்பாலும் அவர்கள்தான். மைதானத்தில் நடக்கும் விளையாட்டுக்குக் கமெராவை நட்டுவைத்து வயர் இழுத்தால் முடிந்தது. இங்கே மைதானம் 180 கிலோமீற்றர் நீளம், மணிக்கு 40 கிலோமீற்றரில் நகர்கிறது. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கமெராக்காரர் திரும்பி இருந்து படம் எடுக்கிறார். அந்தப் படம் ரேடியோ அலையாக மேலே வட்டமிடும் விமானத்துக்கோ ஹெலிகொப்டருக்கோ போய், அங்கிருந்து தரையில் உள்ள நிலையத்துக்கு இறங்கி, அதன் பிறகுதான் உலகத்துக்கு. அடர்ந்த மரங்களுக்கோ சுரங்கத்துக்கோ உள்ளே போனால் இணைப்பு அறும். புயல் மேகம் வந்து விமானங்கள் பறக்க முடியாவிட்டால் முடிவுக்கோட்டுக் கமெரா மட்டும் மிஞ்சும், வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு நாளில் முழு டூருமே தலைகீழானதும் உண்டு. 2019 இன் 19 ஆம் கட்டத்தில் கொலம்பியாவின் ஏகன் பெர்னால் ஈஸெரான் ஏற்றத்தில் தனியே தாக்கி ஓடினார். அவர் மறுபக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, கீழே வீதியில் ஆலங்கட்டி மழை குவிந்து, ஓர் இயந்திரம் அதைத் தள்ளிக்கொண்டு நிற்பதைத் திரையில் காட்டினார்கள். மண்சரிவும் விழுந்திருந்தது. ஓட்டத்தை நிறுத்தி, ஈஸெரான் உச்சியில் எடுத்த நேரத்தையே கணக்கில் வைத்தார்கள். பெர்னாலுக்கு மஞ்சள் ஜேர்சி. இரண்டு நாள் கழித்து டூரை வென்ற முதல் கொலம்பியரும் ஆனார். வீரர்களில் பலருக்கு என்ன நடந்தது என்று காரில் ஏறிய பிறகுதான் விளங்கியது. கொழும்பில் சோபாவில் இருந்தவர்களுக்கு அவர்களைவிட முன்னமே தெரியும்.

விழுந்தால்?

எழும்பி ஓட வேண்டும். சமதரைக் கட்டங்களில் முடிய மூன்று கிலோமீற்றருக்குள் விழுந்தால் கூட ஓடிய கூட்டத்தின் நேரத்தையே கொடுப்பார்கள், சில கட்டங்களில் இதை ஐந்து கிலோமீற்றராக நீட்டுவதும் உண்டு. விழுந்ததைத் திரும்பத் திரும்ப மெதுவாகக் காட்டுவதை நான் பார்ப்பதில்லை, அந்த நேரம் பிளேன்டீ ஊற்றப் போய்விடுவேன்.

எல்லாரும் ஊக்கமருந்துதானே?

நீண்ட காலம் நிறையப் பேர், ஆம். 1998 இல் ஃபெஸ்டினா அணியின் காரில் மருந்து பிடிபட்டது. லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு டூர் வெற்றிகளும் 2012 இல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு வருடத்துக்கும் வெற்றியாளர் என்று யாருமே இல்லை, பட்டியலில் வெற்றிடம்தான். 2008 இலிருந்து வீரர்களின் இரத்த அளவுகளைத் தொடர்ச்சியாகப் பதிந்து, மாற்றம் தெரிந்தால் விசாரிக்கும் முறை இருக்கிறது. இன்று மலையில் ஒருவர் பறந்தால் எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வரும். சந்தேகத்தையும் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். அது இல்லாமல் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர் புதிதாக வந்தவர்.

மூன்று கிழமை பொறுமை இல்லை. ஒரே நாளில் முடிகிறது ஏதாவது?

பாரிஸ்–ரூபே. ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு இரவு எட்டரை போல முடியும். ஏறத்தாழ 260 கிலோமீற்றர், இங்கிருந்து வவுனியா போகிற தூரம். அதில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் கருங்கல் பதித்த பழைய வயல் பாதை. வெயில் என்றால் புழுதி, மழை என்றால் சேறு, முடித்து வருகிறவரின் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும். பரிசு என்ன தெரியுமா? அந்தப் பாதையின் ஒரு கருங்கல். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் 2023, 2024, 2025 என்று மூன்று தடவை தொடர்ந்து தூக்கினார். புதியவருக்கு விளக்கமே தேவையில்லாத ஓட்டம் இது.

மிலான்–சான் ரேமோ நேர்மாறு. 290 கிலோமீற்றரளவு ஓடி, கடைசியில் போஜ்ஜோ என்ற 3.7 கிலோமீற்றர் குன்றில்தான் எல்லாம். கடைசி முக்கால் மணித்தியாலம் பார்த்தால் போதும், ஆனால் அந்த முக்கால் மணித்தியாலத்தில் தொலைபேசியை எடுக்காதீர்கள்.

பெண்களுக்கு?

2022 இலிருந்து பெண்கள் டூர் மறுபடி நடக்கிறது, ஆண்கள் டூரைவிட நாள் குறைவு. 2024 இல் எட்டுக் கட்டம் ஓடி, கடைசியில் ஆல்ப் துவெஸ் உச்சியில் போலந்தின் காசியா நியெவியதோமா 4 செக்கனில் வென்றார். ஆண்கள் டூரில் இதுவரை இவ்வளவு சின்ன வித்தியாசம் வந்ததில்லை. வேலை நாளில் இரண்டில் ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் பல வேளை இதுதான் நல்ல ஓட்டம்.

எங்கள் ஆட்கள் யாராவது?

டூரில் இலங்கையர் யாரும் ஓடியதில்லை. ஆசியாவிலிருந்து 2009 இல் ஜப்பானின் பெப்புவும் அராஷிரோவும் டூரை ஓடி முடித்தார்கள். கசக்ஸ்தானின் வினோகுரோவ் 2006 இல் வுவெல்டாவை வென்றார். 2024 இல் எரித்திரியாவின் பினியம் கிர்மாய் டூரில் மூன்று கட்டங்களும் பச்சை ஜேர்சியும் வென்றார், ஆபிரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் டூர் கட்டம் வென்றது அதுவே முதல் தடவை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் கரியரோடு இருக்கும் சைக்கிளில் ஊரைச் சுற்றும் பெடியன்களில் ஒருவர் இந்தப் பக்கம் வர எவ்வளவு பணமும் வீதியும் வேண்டும் என்பது வேறு கதை.

வீட்டில் ஒரே டிவி. அந்த நேரம் நாடகம்.

பேரம் பேசுங்கள். எட்டு மணி வரை நாடகத்துக்கு, அதன் பிறகு முடியும்வரை சைக்கிள், விளம்பர இடைவேளையில் ரிமோட் உங்களிடம். முக்கியமான மலை நாட்களை ஜூலை முதலாம் திகதியே கலண்டரில் வட்டம் போட்டு அம்மாவுக்கோ மாமிக்கோ காட்டிவிடுங்கள், ஆறு நாளுக்கு மேல் கேட்கவேண்டாம். அம்மம்மாக்கள் விஷயத்தில் ஒரு உண்மை: கோட்டைகளையும் தேவாலயங்களையும் பார்க்கத் தொடங்கினால் அவர்கள் எழும்பமாட்டார்கள். யார் வெல்கிறார் என்பது அவர்களுக்குத் தேவையில்லை, மாடு எவ்வளவு பால் கறக்கும் என்பதுதான் கேள்வி.

நேரடியாகப் பார்க்க முடியாத நாளில் முடிவு தெரியாமல் பிறகு பார்ப்பது எப்படி?

வாட்ஸப் குழுவைப் பார்க்காதீர்கள், எங்கள் குழுவில் ஒருவர் கோடு தாண்டும் முன்பே எழுதுவார். செய்தி அப்பின் அறிவிப்பை நிறுத்துங்கள். யூடியூப்தான் ஆபத்து. சுருக்கத்தின் முகப்புப் படத்திலேயே வென்றவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். கட்ட எண்ணைத் தேடிவிட்டு, திரையைப் பார்க்காமல் போனைத் தங்கச்சியிடம் கொடுத்து, "இதை அமத்தித் தா, ஒன்றும் சொல்லாதே" என்று கேட்கலாம். அவள், "அண்ணா, பொட்டுச் சட்டைக்காரன் அழுதுகொண்டு நிற்கிறானே, இதுவா?" என்பாள்.